இரண்டு வயர் சொன்ன ஒரே பொய்

காலை 8.40. இலங்கை மலையகத்து ஹட்டன் கடைத்தெருவில், ஒரு பேன்சி கடையின் மேல்மாடியில், கனடாவிலிருந்து வந்த போன் ஒன்று பேச்சை நிறுத்தியிருந்தது.

செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. திரை எரிந்தது. வயரைச் செருகினால் சார்ஜ் ஏறியது. அழைத்தால் மணி அடித்தது. கணினியோடு மட்டும் பேச மறுத்தது. கோபித்துக்கொண்ட சம்பந்தி கல்யாண வீட்டில் சாப்பிட மட்டும் வாயைத் திறப்பதுபோல.

"சேர், இஞ்ச வாங்கோ. போனைக் காணேல்லை" என்று மதுரா கத்தினாள்.

"மேசையில கிடக்குதே!"

"மேசையில கிடக்கு. கொம்பியூட்டருக்குள்ள காணேல்லை."

2009ஆம் ஆண்டு, புரட்டாசி மாதத்துத் திங்கட்கிழமை. முதல் நாள்தான் ஆயுத பூஜை. அறையில் இன்னும் ஊதுபத்தி வாசம். கணினித் திரை, பிரின்டர், கேத்தல், தாள் கொத்தும் சின்ன இயந்திரம், எல்லாவற்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். போனின் நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது.

அந்த மாடி பேரின்பநாயகத்தினுடையது. யாழ்ப்பாணத்தார். இருபது வருடம் ஹட்டனில் கணிதம் படிப்பித்துவிட்டு, வேலையை விட்டு, போன்களுக்கு நிரல் எழுதும் கூடம் ஒன்றைத் திறந்தவர். கூடத்தில் இரண்டே பேர். யாழ்ப்பாணத்துப் பெண் மதுரா; மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த திலக்ஷன். திலக்ஷனின் தாய் மீனம்மா கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு, அதே கட்டடத்தைக் கூட்டித் துடைத்து, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பேரின்பநாயகம், மதுரா, திலக்ஷன் மூவரும் ஆறு மாதம் உழைத்த நிரலின் பெயர் மழைக்காவல். தோட்டத்துக்குத் தோட்டம் மழைமானி பார்ப்பவர்கள் அளவை எஸ்.எம்.எஸ். அனுப்புவார்கள், போன் கூட்டிப் பார்க்கும், மண் சரியும் அளவுக்கு மழை போனால் சரிவுக்குக் கீழே உள்ள லயங்களின் போன்களையெல்லாம் ஒரே நேரத்தில் அலறவைக்கும். திலக்ஷன் பிறந்த லயத்துக்கு மேலேயும் அப்படியொரு சரிவு இருந்தது. அன்று மாலை நாலு மணிக்கு அரசாங்க அனர்த்தக் குழு இந்த நிரலைப் பார்க்க வருகிறது.

ஒரே ஒரு குறை. கணினிக்குள் இருக்கும் பாவனைப் போனில் நிரல் ஓடியது. நிஜப் போனில் மூன்றாவது செய்தியோடு உறைந்து நின்றது. எந்த வரியில் நிற்கிறது என்று அறிய டீபக்கர் வேண்டும். டீபக்கர் என்பது, புடைவைக் கடையில் எட்டு மடிப்பையும் பிரித்துப் பார்க்காமல் போகாத வாடிக்கையாளர் மாதிரி. நிரலை வரிக்கு வரி நிறுத்தி, "இதுக்குள்ள என்ன, காட்டு" என்று கேட்கும். கேட்பதற்குப் போனும் கணினியும் இணைந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு முழ வயர்.

9.05. மதுரா தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். போனை அணைத்து ஏற்றினாள். டீபக்கருக்கு அனுமதி தரும் சுவிட்சைப் பார்த்தாள், போட்டுத்தான் இருந்தது. கணினியில் போனுக்குரிய மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றினாள். வயரைத் தன் மடிக்கணினியில் செருகினாள். அங்கேயும் போன் சார்ஜ் ஏறியது. இணைந்த சாதனங்களின் பட்டியலைக் கேட்டாள். தலைப்பு வந்தது, கீழே ஒன்றுமில்லை. மாப்பிள்ளை பெயர் போட மறந்த கல்யாணப் பத்திரிகை.

"சேர், செருகினா டொய்ங் எண்டு ஒரு சத்தம் கேக்கும். அதுவும் கேக்குதில்லை."

பேரின்பநாயகம் வயரின் கணினிப் பக்க முனையைக் கண்ணாடி உயர்த்திப் பார்த்தார். விளிம்பில் மஞ்சளும் சிவப்புமாகக் கொஞ்சம் பொருக்கு. கைக்குட்டையால் துடைத்தார்.

"துரு. இந்த ஊர்ப் பனிக்கு மனிசனே துருப்பிடிப்பான். அது காரணமில்லை. துரு எண்டா சார்ஜும் ஏறாதே."

கணித ஆசிரியரின் வாதம். கேட்க ஒழுங்காகத்தான் இருந்தது.

9.20. எதற்கும் வேறொரு வயரைப் போட்டுப் பார்ப்போம் என்று திலக்ஷன் படியிறங்கிக் கீழே பேன்சி கடைக்கு ஓடினான்.

கடைக்காரி லோஜினி, வளையல் முதல் டோர்ச் பற்றரி வரை விற்பவள். கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரிகளோடு பதினைந்து வருடம் மல்லுக்கட்டியதில், ஒருவன் சாமானைப் பார்க்கும் பார்வையிலேயே எவ்வளவுக்கு வாங்குவான் என்று சொல்லிவிடுவாள்.

"அக்கா, சேர் போனுக்கு ஒரு வயர்."

அவள் ஒன்றை எடுத்து வைத்தாள். விலையைச் சொன்னாள். திலக்ஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"என்னக்கா, மேல் மாடி, கீழ் மாடி, ஒரே கட்டடம். பாதி போடுங்க."

"பாதிக்கு வேணும்னா இந்தா." அவள் வேறொரு பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தாள்.

"இது சார்ஜ் ஏறுமா?"

"ஜம்முன்னு ஏறும்."

வாங்கிக்கொண்டு ஓடினான்.

9.35. புது வயர். போன் சார்ஜ் ஏறியது. சத்தம் இல்லை. பட்டியலில் பெயர் இல்லை.

10.15. பேரின்பநாயகம் மேசைக்கும் ஜன்னலுக்கும் இடையே நடக்கத் தொடங்கியிருந்தார். கையில் சாவிக்கொத்து, ஒவ்வொரு திரும்பலுக்கும் ஒரு குலுக்கல். ஜன்னலுக்கு வெளியே மழை வருவதும் போவதுமாகக் காலையிலிருந்து ஒரு முடிவுக்கு வராமல் இருந்தது.

"ரெண்டு வயர். ரெண்டு கொம்பியூட்டர். விடை ஒண்டுதான். அப்ப பிழை போனுக்குள்ள. நேற்றுப் பின்னேரம் ஐஞ்சரைக்கு மதுரா இணைச்சுப் பார்த்தவ. வேலை செய்தது. பூட்டினது ஆர்?"

"நான்தான் சேர்" என்றான் திலக்ஷன்.

"திறப்பு ஆரிட்ட இருந்தது?" சாவிக்கொத்தைக் குலுக்கிக் கேட்டார்.

"என்கிட்ட."

"இது?" அவர் மேசைமேல் ஒரு கடித உறையைப் போட்டார். திலக்ஷனின் கொப்பிக்குள் மதுரா வேறெதையோ தேடியபோது கிடைத்தது. கொழும்புக் கம்பெனி ஒன்று அவனுக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது.

"சேர், அது பழசு. அதுக்கும் இதுக்கும்…"

"எங்கட நிரல் நாலு மணிக்கு விழுந்தா, நாளைக்கு அதே நிரலைக் கொண்டு கொழும்பில ஏறலாம். என்ன செய்தனீ போனுக்கு?"

பேரின்பநாயகம் வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய எல்லோரையும் 'நீர்' என்றுதான் சொல்வார். மலையகக் காதுக்கு அந்த 'நீர்' முதலில் விநோதமாக இருக்கும். பிறகு அது மரியாதை என்று பழகிவிடும். இன்று அந்த 'ர்' விழுந்துவிட்டது. திலக்ஷன் அதைக் கேட்டான். கதவருகே தேநீர்த் தட்டோடு நின்ற மீனம்மாவும் கேட்டாள்.

"மூண்டு மணி வரைக்கும் நேரம். போன் பேச வேணும். இல்லையெண்டா வந்தவைக்கு முன்னால சொல்லுவன், என்ன நடந்ததெண்டு, ஆர் செய்ததெண்டு. பிறகு இந்தப் படியேறக் கூடாது."

ஹட்டனில் ஒருவனைக் கள்ளன் என்று நாலு மணிக்குச் சொன்னால், ஐந்து மணி பஸ்ஸில் அது தொலைவில் உள்ள டயகம வரைக்கும் போய்விடும்.

12.30. லோஜினி படியேறி வந்தாள்.

"சேர், கொஞ்சம் உக்காருங்க. நீங்க மேல நடக்கிற நடையில கீழ என் கண்ணாடி வளையலெல்லாம் ஆடுது. ஒரு டசின் உடைஞ்சிருச்சு. மீனம்மாக்கா வேற என் கடை வாசல்ல உக்காந்து ஒப்பாரி. யாவாரம் பண்ணவா, பந்தல் போடவா?"

"இது கொம்பியூட்டர் விஷயம், லோஜினி. உமக்கு விளங்காது."

"கொம்பியூட்டர் விளங்காது. சாமான் விளங்கும். சாமானைத் தொட்ட ஆளும் விளங்கும். நாலு கேள்வி கேக்கிறேன். காசா பணமா?"

பேரின்பநாயகம் உட்கார்ந்தார். கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் மதுராவிடம் திரும்பினாள்.

"கடைசியா எப்ப பேசுச்சு, மிஸ்?"

"ஐஞ்சரைக்கு. பிறகு நானே போனையும் வயரையும் பூஜையில கொண்டுபோய் வைச்சன்."

"ரெண்டும் சேர்த்தா?"

"ஓம். வயரைச் சுருட்டிப் போனுக்குப் பக்கத்தில."

"பூஜை எத்தனை மணிக்கு?"

"ஆறுக்கு. மீனம்மாதான் எல்லாத்துக்கும் பொட்டு வைச்சவ."

"போன்ல பொட்டைக் காணோமே?"

மதுராவின் முகம் கொஞ்சம் சிவந்தது. "நான் துடைச்சனான். திரையில அப்பிவிட்டா. கீறல் விழுந்தா ஆர் கனடாவில இருந்து இன்னொண்டு அனுப்புறது? 'வெளியில இதில ஒண்டும் பூசக் கூடாது' எண்டு கொஞ்சம் கடுமையாச் சொல்லிப்போட்டன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒண்டும் சொல்லேல்லை."

லோஜினி தலையாட்டினாள். மீனம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்த சந்தர்ப்பங்கள் ஹட்டனில் மிகக் குறைவு.

"திலக்ஷன், பூஜைக்கு அப்புறம் போனைத் தொட்டியா?"

"எப்படிக்கா தொடுறது? பூஜையில வச்ச சாமானை மறுநாள்தான எடுக்கணும். நான் ஏழு மணிக்குக் கடலையை அள்ளிக்கிட்டுப் பூட்டிட்டுப் போயிட்டேன்."

"நீ பூட்டுறதுக்கு முன்ன இங்க யாரு இருந்தா?"

"அம்மா மட்டும். விளக்கு அணையிற வரைக்கும் நின்னாங்க. நான் படியில காத்துக்கிட்டு இருந்தேன்."

"அந்தக் காயிதம்?"

"ஆடி மாசம் வந்ததுக்கா. அப்பவே வரலைன்னு எழுதிப் போட்டுட்டேன்."

லோஜினி உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தாள். ஜூலை. உறையைப் பேரின்பநாயகத்தின் பக்கம் தள்ளினாள். "ஓடுறவன் ரெண்டு மாசம் இங்கயே உக்காந்து வேலை பாத்துட்டா ஓடுவான்? உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்க. எப்ப எழுதினதுன்னு பாக்கல."

பேரின்பநாயகம் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே ஏதோ கண்ணாடி சிணுங்கியது.

"மீனம்மாக்கா, மேல வாங்க" என்று லோஜினி படிப் பக்கம் குரல் கொடுத்தாள்.

மீனம்மா ஏறிவந்து முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். "என்னைய என்ன கேக்கிற? எம்புள்ள ஒரு கெட்டதும் செய்ய மாட்டான். அந்தப் போன் நல்லா வரணும்னுதான் நேத்து அவ்வளவு வேண்டிக்கிட்டேன். நடுவுல வச்சுத்தான் வேண்டிக்கிட்டேன்."

"எதுக்கு நடுவுல, அக்கா?"

"…சாமிக்கு நடுவுல."

"சரி, போய்ப் பிளேன்டீ ஊத்துங்க. சேருக்குச் சீனி போடாதீங்க, இருக்கிற பதட்டம் போதும்."

1.50. லோஜினி இரண்டு வயர்களையும் கையில் எடுத்தாள். துணியை விரலிடுக்கில் உருட்டிப் பார்ப்பதுபோல முதலில் புது வயரை உருட்டினாள், பிறகு பழையதை. புதியது மெல்லியது, பழையது தடித்தது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போனது. பிறகு பழைய வயரின் முனையை மூக்கருகே கொண்டுபோனாள். "அதில இருந்த துருவைச் சேர் காலையில துடைச்சவர்" என்றாள் மதுரா.

"சேர், நீங்க காலையில துரு துடைச்ச லேஞ்சி எங்க?"

பேரின்பநாயகம் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். அவள் அதையும் மோந்தாள். கீழே போனாள். ஒரு டோர்ச், ஒரு கத்தரிக்கோல், ஒரு போத்தல் ஓடிக்கொலோன் வாசனைத் திரவியம், கொஞ்சம் பஞ்சு ஆகியவற்றோடு திரும்பி வந்தாள்.

2.10. எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். சுவர்க்கடிகாரத்தின் பொட்டு காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது.

"சேர், நீங்க போட்ட கணக்கில பிழையில்ல. ரெண்டு வயர், ஒரே விடை, அப்ப பிழை வயர்ல இல்ல. ஆனா நான் யாவாரி. கடைக்கு ரெண்டு பேர் வந்து 'பஸ்ஸில பொக்கற் அடிச்சிட்டான், கடன் குடு'ன்னு சொன்னா, ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில வந்தாங்கன்னு நினைக்க மாட்டேன். ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஒரு பொய் இருக்கும். இங்கயும் ரெண்டு வயர், ஒரே பொய், வேற வேற காரணம்."

"அப்ப ரெண்டு குற்றவாளியோ?" என்றார் பேரின்பநாயகம்.

"ரெண்டு. முதலாவது ஆள் நான்."

கத்தரிக்கோலை எடுத்துப் புது வயரை நடுவில் நறுக்கென்று வெட்டினாள். உறைக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கம்பி, ஒரு கறுப்புக் கம்பி. அவ்வளவுதான்.

"முழு வயர்ல நாலு கம்பி. ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு பேச்சுக்கு. புறக்கோட்டையில ரெண்டு சாதியும் விக்கிறாங்க. திலக்ஷன் பாதி விலைக்குக் கேட்டான். நான் பாதிக் கம்பியைக் குடுத்தேன். 'சார்ஜ் ஏறுமா'ன்னு கேட்டான். ஏறும்னேன். பேசுமான்னு அவனும் கேக்கல, நானும் சொல்லல. பொய் சொல்லல சேர். உண்மையில பாதியை வித்துட்டேன்."

மதுரா தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். பேரின்பநாயகம் சிரிக்கவில்லை.

"அப்ப பழைய வயர்? அது கனடாவில இருந்து போனோட வந்தது. நாலு கம்பியும் இருக்கும். நேற்றுவரை வேலை செய்தது."

"நேத்து ஐஞ்சரை வரைக்கும். அதுக்கப்புறம் பூஜையில இருந்துச்சு. பூஜையில வச்ச சாமானை யார் தொடுவா? கள்ளன்கூடத் தொட மாட்டான். திலக்ஷன் தொட மாட்டான். மிஸ் துடைச்சதே பெரிய விஷயம். தொடக்கூடிய ஒரே ஆள், பூஜை போட்ட ஆள்."

மீனம்மா பிளேன்டீத் தட்டோடு கதவுப் பக்கம் ஒரு அடி பின்வாங்கினாள்.

"வெளியில பூசக் கூடாதுன்னு மிஸ் சொல்லிட்டாங்க. ஆனா மகன் ஆறு மாசம் தூங்காம செஞ்ச சாமான். பொட்டில்லாம எப்படி விடுறது? வெளியிலதான கூடாது? அப்ப யார் கண்ணுக்கும் படாத எடமா, உள்ள வைக்கலாம்ல. விரல் போகாத எடம். ஈர்க்கு போகும். காலையில எல்லாரும் துருன்னு விட்டுட்டீங்க. இதை மோந்து பாருங்க சேர். துருவுக்கு வாசம் இருக்கா?"

பேரின்பநாயகம் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். சந்தனம்.

லோஜினி வயரின் முனைக்குள் டோர்ச் அடித்தாள். தகர வாய்க்குள் நாலு பொன் கோடுகள் இருக்க வேண்டும். இரண்டு ஓரத்துக் கோடுகளும் பளபளத்தன. நடுவில் இருந்த இரண்டையும் மூடி, காய்ந்து இறுகிய மஞ்சள் சந்தனம். அதன் நட்ட நடுவே, கடுகளவு குங்குமம்.

"ஓரத்து ரெண்டும் கரண்டு. நடு ரெண்டும் பேச்சு. பொட்டை ஓரத்தில வச்சிருந்தாங்கன்னா சார்ஜே ஏறியிருக்காது, நீங்களும் அப்பவே வயரைத்தான் பாத்திருப்பீங்க. ஆனா யாராவது பொட்டை ஓரத்தில வைப்பாங்களா?"

பேரின்பநாயகம் குனிந்து தானும் முனைக்குள் பார்த்தார்.

"நடுவுல வச்சேன்னு அக்கா அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. சாமிக்கு நடுவுலன்னு அப்புறம் மாத்தினாங்க. சாமி எதுக்கும் நடுவுல இல்ல அக்கா, செவுத்துல ஓரமாத்தான மாட்டியிருக்கு."

மீனம்மா தட்டை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்யா வச்சேன்! விளக்குமாத்து ஈர்க்குல, கழுவி, சுத்தமா வச்சேன். அது வாய்னு எனக்கெப்படித் தெரியும்? எம்புள்ளைய நானே கள்ளனாக்கிட்டேனே!"

"அம்மா, எந்திரிங்க" என்றான் திலக்ஷன். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து, எதற்கு வழிவிடுவது என்று தெரியாமல் முகம் தடுமாறியது.

2.40. ஓடிக்கொலோனில் தோய்த்த பஞ்சை ஈர்க்கில் சுற்றி மதுராதான் துடைத்தாள். வைத்தது ஒரு ஈர்க்கு, எடுத்தது இன்னொரு ஈர்க்கு. காய வைத்துச் செருகினாள்.

டொய்ங்.

பட்டியலின் கீழே போனின் பெயர் வந்து உட்கார்ந்தது. திலக்ஷன் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு வரிக்கு வரி நிறுத்தி நிறுத்திப் போனான். முதல் செய்தி. இரண்டாவது. மூன்றாவது செய்தியில், வராத ஒரு பதிலுக்காக நிரல் காத்துக்கொண்டு நின்றது. அந்த வரியை எழுதியவர் யார் என்று பக்கத்தில் குறிப்பு இருந்தது. திலக்ஷன் அதை வாசித்தான், சத்தமாக வாசிக்கவில்லை. வரியைத் திருத்தி, குறிப்பையும் அழித்தான்.

"அது என்ர வரி" என்றாள் மதுரா மெதுவாக.

"யாரோட வரியா இருந்தா என்ன மிஸ், மழைக்கு அது தெரியவா போகுது?"

3.20. மூன்று செய்தி, முப்பது செய்தி, நிரல் நிற்கவில்லை. மேசையில் பரீட்சைக்காக வைத்திருந்த போன்கள் நான்கும் சேர்ந்து அலறியதில், எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தார்.

பேரின்பநாயகம் மறுபடி நடக்கத் தொடங்கியிருந்தார். இரண்டு தடவை திலக்ஷனின் நாற்காலி வரைக்கும் வந்து திரும்பிப் போனார். மூன்றாவது தடவை நின்றார். இருபது வருடம் கரும்பலகையில் மற்றவர்களின் பிழையைத் திருத்திய மனிதர். தன் பிழைக்கு எந்த இடத்தில் கோடு போடுவது என்று தெரியவில்லை.

"நாலு மணிக்கு மதுரா விளக்குறதா இருந்தது" என்றார். "வேண்டாம். நீங்கள் காட்டுங்கோ. நீங்கள் பிறந்த லயத்துக்கு மேல இருக்கிற சரிவைப் பற்றி நீங்களே சொல்லுங்கோ."

நீ போய், நீரும் போய், நீங்கள். அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை ஹட்டன் இதுவரை வங்கி மனேஜருக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது.

திலக்ஷன் அவரை ஒரு கணம் பார்த்தான். "காட்டுறேன் சேர். ஆனா அந்தக் காயிதத்தை எனக்குத் திருப்பித் தாங்க. நான் ஓடலைங்கிறதுக்கு அந்த முத்திரை ஒண்ணுதான் சாட்சி. இன்னொரு தடவை தேவைப்பட்டாலும் படும்."

பேரின்பநாயகம் உறையை இரண்டு கையாலும் கொடுத்தார். பிறகு மீனம்மாவின் பக்கம் திரும்பினார்.

"மிச்சச் சந்தனம் இருக்கோ?"

"ஐயோ சேர், இனிமே நான் எதுலயும் வைக்க மாட்டேன்!"

"வையுங்கோ. ஆனா இதில வையுங்கோ." குனிந்து தன் நெற்றியை நீட்டினார்.

மீனம்மா மோதிர விரலால், நட்ட நடுவில் வைத்தாள்.

"பாத்து அக்கா, அங்கயும் பேச்சுக் கம்பி ஏதாவது இருக்கப்போகுது" என்றாள் லோஜினி படியிறங்கிக்கொண்டே.

3.55. வாசலில் அனர்த்தக் குழுவின் ஜீப் வந்து நின்றது. மழை பிடித்துக்கொண்டது. லோஜினி உடைந்த வளையல் துண்டுகளைக் கூட்டி ஒதுக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். மேலே யாரும் நடக்கவில்லை. திலக்ஷனின் குரல் மட்டும் கேட்டது.

குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் கடைக்குள் வந்தார். "தங்கச்சி, போனுக்கு ஒரு வயர் குடுங்க. விலையைப் பாத்துப் போடுங்க."

லோஜினி இரண்டு பெட்டிகளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"சார்ஜ் மட்டும் ஏறினாப் போதுமா, இல்ல, பேசவும் வேணுமாண்ணே?"